எடுத்தாகிவிட்ட பல்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்பவரை எல்லோரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இனி வரவே வராது என்பதையெல்லாம் ஒரே குரலில் சொல்லக்கூடியவர். வராத வண்டியைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவர் குரலில் ஒரு ஆறுதல் இருக்கும். காத்திருப்பவர்கள் கோபப்படாமல் மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு நாற்பதைத் தாண்டி சில வருஷங்கள் கழித்து, வலது பக்கக் கீழ்த்தாடையின் கடைசியில் ஞானப்பல் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. "ஞானம் லேட்டாத்தான் வருது உங்களுக்கு," என்று அவர் மனைவி சிரித்தாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே பேசிப் பழகியதால் எதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். "போய் எடுத்துட்டு வாங்க."

ஊரில் பெரிய பல் மருத்துவமனை ஒன்று இருந்தது. வாசலில் ஆள் உயர எழுத்தில் 'இங்கு வலி இல்லை' என்று எழுதியிருக்கும். உள்ளே போனபிறகுதான் அதன் முழு அர்த்தம் அவருக்குப் புரிந்தது. அந்தக் கட்டடத்துக்குள் வலி என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. பதிலாக உணர்வு என்று சொல்ல வேண்டும்.

"உணர்வு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள் செவிலி.

"உயிர் போகுது."

"அப்ப உணர்வு நல்லா இருக்குன்னு போட்டுக்கறேன்."

பெரிய டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் சின்ன டாக்டர்கள் ஒரு ஊர்வலமாக வந்தார்கள். பெரிய டாக்டர் மைக்காரரின் வாயைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். அதிலும் பாதி நேரம் திரைக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்தார் என்று மைக்காரருக்குத் தோன்றியது.

"பல் எடுக்கிறது கை வேலைன்னு வெளியில நினைக்கிறாங்க," என்று சின்ன டாக்டர்களிடம் சொன்னார். "இல்லை. அது முடிவு. நான் முடிவு பண்ணின அந்த நிமிஷமே பல் வந்துடுது. குறடு எல்லாம் பின்னால வர்ற சம்பிரதாயம்."

சின்ன டாக்டர்கள் கையுறையோடு கை தட்டினார்கள். அந்த ஓசை ஈரத் துணியை உதறுவது போல இருந்தது.

ஊசி போட்டார்கள். உதடும் நாக்கும் பாதி முகமும் அவரைவிட்டுப் போயின. பெரிய டாக்டர் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே கையை வாய்க்குள் விட்டார். எலும்பு நெரிகிற சத்தம் காது வழியாக இல்லாமல் மண்டைக்குள்ளிருந்தே கேட்டது. ஏதோ ஒன்று வெளியே வந்து தட்டில் விழுந்தது. யாரும் தட்டைப் பார்க்கவில்லை. "எடுத்தாச்சு," என்றார் பெரிய டாக்டர், இன்னமும் திரையிடம்.

வாயில் பஞ்சோடு அவரை நடைவழியில் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "வாயை மூடிட்டுச் சிரிங்க சார்." அந்தச் சுவர் முழுக்க, கூரை வரைக்கும், மீண்டவர்களின் படங்கள். ஒருவர் வாயும் திறந்திருக்கவில்லை. இத்தனை பேர் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பதை ஒரே இடத்தில் பார்த்ததும் அவருக்கு முதுகில் சில்லென்றது. ரத்தம் போனதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் கன்னம் பன் போல உப்பியது. ஐஸ் வைத்தார். பாலில் ஊறவைத்த ரொட்டியை இடது பக்கமாக விழுங்கினார். மனைவி வேனை நிறுத்திவிட்டு வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். சொன்னபடி வீக்கம் வடிந்தது. மரத்திருந்த நாக்கு மெல்லத் திரும்பி வந்தது. திரும்பி வந்த நாக்கு சும்மா இருக்குமா. காலி இடத்தைத் தேடிப் போனது. குழி இருந்தது. அதையும் தாண்டிப் போனது. குழிக்குப் பின்னால், ஈறுக்குள் பாதி புதைந்தபடி, பழைய இடத்தில், பழைய கோணலோடு, அது இருந்தது.

அவர் நாக்கை இழுத்துக்கொண்டார். செத்துப்போனவர் என்று சொல்லப்பட்ட ஆள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நாக்கை அனுப்பினார். இருந்தது.

"தொட்டுப் பாரு," என்றார் மனைவியிடம்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து விரலை உள்ளே விட்டாள். அவள் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில ஒன்னு இருக்கே."

"இருக்குல்ல?"

"அதுக்கு முன்னாடி இருந்த நல்ல பல்லைத்தான் காணோம்." விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "தப்பான பல்லைப் பிடுங்கிட்டாங்க. போய்ச் சொல்லுங்க. வேற என்ன."

சொன்னால் போதும் என்றுதான் அவரும் நினைத்தார்.

மருத்துவமனையில் முன்மேசைப் பெண் அவரைப் பார்த்ததும் சுவரைக் கை காட்டினாள். அங்கே அவர் படம் ஏற்கெனவே தொங்கியது. படத்தில் பஞ்சால் புடைத்திருந்த கன்னத்தைச் சீவி எடுத்திருந்தார்கள். முகம் அவருடையதாகவும் இருந்தது, அவருடையதாக இல்லாமலும் இருந்தது. "நீங்க குணமானவர் சார். குணமானவங்களுக்கு வாசல் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் மீட்சி அலுவலர் உட்கார்ந்திருந்தார். கனிவே உருவான மனிதர். பேசும்போது இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் மல்லாக்க வைத்துக்கொள்வார்.

"எடுத்த பல் உணர்வு கொடுக்காது சார்."

"எடுக்கலைங்க. இருக்கு."

"எடுத்தாச்சு."

"வாயைத் திறக்கிறேன், பாருங்களேன்."

மீட்சி அலுவலர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயையோ, வேண்டாம். பார்க்கிறது பெரிய டாக்டரோட வேலை. அவர் பார்த்துட்டார். அவர் பார்த்ததை நான் திரும்பப் பார்த்தா, அவர் பார்க்கலைன்னு ஆயிடும். அப்புறம் இந்தக் கட்டடத்துல யார் எதைப் பார்த்தாங்கன்னே சொல்ல முடியாம போயிடும்."

மைக்காரர் விடவில்லை. அவரைச் சமாதானப்படுத்த எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் வெள்ளையாக, பன்றிக் கொம்பு மாதிரி சாய்ந்து, பல் தெரிந்தது. எக்ஸ்ரே டாக்டர் அதை வெகுநேரம் தடவிக் கொடுக்காத குறையாகப் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். "இது பல்லோட ஞாபகம். எலும்புக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி சார். எத்தனையோ வருஷம் கூட இருந்ததுல்ல, உடனே மறந்துடுமா?"

"அப்ப முன்னாடி இருக்கிற குழி?"

"அது இடைவெளி. சில பேருக்குப் பிறவியிலேயே இருக்கும். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

மீட்சி இன்னும் மனதில் தங்காதவர் என்று சொல்லி அவரை மீண்டோர் கூடத்துக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் முன் தினமும் காலையில் வந்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் சிகிச்சை.

கூடம் நீளமானது. ஜன்னல்களுக்குப் பால் கண்ணாடி. வெளியே வெயில் அடிக்கிறதா, மழை பெய்கிறதா என்று தெரியாது. கிராம்புத் தைலத்தின் வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி எங்கும் கிடையாது, கை கழுவும் இடத்தில்கூட. பெஞ்சுகளில் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாடையைத் துணியால் கட்டியவர்கள், கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியவர்கள், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே எச்சில் விழுங்குகிறவர்கள். யாரும் பேசவில்லை. பேசினால் வாய் திறக்கும்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு தையல்கார அம்மா. நரைத்த தலையைச் சுற்றி நீலத் துணியால் தாடையைக் கட்டியிருந்தார். உதட்டைப் பிரிக்காமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

"புதுசா தம்பி?"

"ஆமாங்கம்மா. நீங்க எவ்வளவு நாளா வர்றீங்க?"

"வெளியில என் படம் இருக்கும். மூணாவது வரிசை. முடியைப் பாருங்க."

போகும்போது பார்த்தார். படத்திலிருந்த பெண்ணுக்குக் கன்னங்கரேலென்று முடி. அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். படத்தில் இருந்த கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்னொரு பக்கம் பூட்டுக்காரர் உட்காருவார். பூட்டுப் பழுது பார்க்கிறவர். தாடையே திறக்காமல் போய்விட்டதால் மூக்கால் ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருப்பார். "ஊர்ல இருக்கிற பூட்டெல்லாம் திறந்துட்டேன்," என்று ஒருநாள் பல்லிடுக்கில் சொன்னார். "என் வாய்தான் திறக்க மாட்டேங்குது." அவர் கழுத்து நாளுக்கு நாள் தடித்தது. காலர் பொத்தானைப் போட முடியவில்லை. மீட்சி அலுவலர் வந்து பார்த்து, காலர் சின்னது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாரத்தில் ஒருநாள் விடைகொடுக்கும் பயிற்சி. சுண்ணாம்பில் செய்த, தேங்காய் அளவுள்ள ஒரு பல்லை மீட்சி அலுவலர் கொண்டுவருவார். ஒவ்வொருவரும் அதை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி சொல்லி, போய் வா என்று அனுப்ப வேண்டும். மைக்காரரின் முறை வந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே வேலைக் குரல் வந்துவிட்டது. "பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்," என்றார். மீட்சி அலுவலருக்குக் கண் கலங்கியது. "இவரைப் பாருங்க. எவ்வளவு அழகா விடைகொடுக்கிறார்," என்று மற்றவர்களிடம் சொன்னார். மைக்காரரின் வாய்க்குள் அது நிம்மதியாக, விண் விண்ணென்று, இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்குள் அவர் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. அறிவிப்பில் எழுத்துகள் உதிர ஆரம்பித்தன. பயணிகள் வடக்கே போகும் வண்டியில் ஏறித் தெற்கே போக வேண்டிய இடத்தைக் கேட்டார்கள். நிலைய மேலாளரிடம் விடுப்புக் கேட்டார். "நீங்க குணமாயிட்டீங்கன்னு ஆஸ்பத்திரியே சொல்லுதே," என்றார் மேலாளர். "குணமானவருக்கு எதுக்கு லீவு?"

ஒருநாள் காலை பூட்டுக்காரரின் இடம் காலியாக இருந்தது. மறுநாளும் காலி. அதற்கு அடுத்த நாள் மீட்சி அலுவலர் வந்தபோது மைக்காரர் கேட்டார்.

"பூட்டுக்காரர் வரலையா?"

"அவர் முழுசா குணமாயிட்டார்," என்றார் அலுவலர். உள்ளங்கைகளைக் காற்றில் மல்லாக்க விரித்தார். "இனிமே அவர் வரத் தேவையில்லை."

தையல்கார அம்மா தாடைத் துணியை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டார். காலி இடத்தில் யாரும் உட்காரவில்லை. அன்றைக்குக் கூடம் முழுக்க அந்த மெட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. மைக்காரர் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தார். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, முனகிக்கொண்டிருப்பது தன்னுடைய மூக்கு என்று.

மருத்துவமனையின் மீட்சி விழா வந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மீண்டோர் கூடத்து ஆட்களை மேடைக்குப் பின்னால் வரிசையாக, படங்களைப் போலவே, நிறுத்தினார்கள். நல்ல குரல் உள்ளவர் என்பதால் மைக்காரர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. அவருக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. மனைவி கடைசி வரிசையில், வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய டாக்டர் பேசினார்.

"இந்த மருத்துவமனையில் இதுவரை ஒரு பல்கூடத் தவறாக எடுக்கப்பட்டதில்லை. எப்படி என்று கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. எந்தப் பல் எடுக்கப்பட்டதோ, அதுதான் எடுக்கப்பட வேண்டிய பல் என்பது எங்கள் கொள்கை. நோயாளியின் வாய் குழப்பமான இடம். இருட்டு, ஈரம், உணர்ச்சிவசப்படும் தன்மை கொண்டது. அதை நம்பி நாங்கள் முடிவெடுப்பதில்லை. நான் இருபது வருடங்களாக எந்த வாயையும் பார்க்காமலேயே இந்தப் பெயரை எடுத்திருக்கிறேன். அண்மையில் ஒருவர் குறை சொன்னார். நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. அவர் சொல்வதை நிறுத்தும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தோம். இப்போது அவர் சொல்வதில்லை."

கைதட்டல் ஓய வெகுநேரமானது. மைக்காரர் பூட்டுக்காரரின் தடித்த கழுத்தை நினைத்துக்கொண்டார். பிறகு மைக்காரரை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார்கள். எத்தனையோ வருஷமாகப் பழகிய சாமான். அதன் முன்னால் நின்றதும் பயம் போய்விட்டது. பல்லைக் கடித்தபடியே, முடிந்த அளவு தெளிவாகச் சொன்னார்.

"எனக்கு வலிக்குது."

அந்தச் சொல் அந்தக் கட்டடத்துக்குள் வெகுகாலமாகக் கேட்காதது. ஒலிபெருக்கி அதைக் கூரைவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது. முன்வரிசையில் ஒருவர் நாற்காலியை நகர்த்தினார். மேடைக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பெரிய டாக்டர் சிரித்தபடி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "கேட்டீர்களா. மரத்துப்போன இடத்துக்கு உணர்வு திரும்பிவிட்டது. அதை அவர் பழைய பாணியில் சொல்கிறார். இதைவிடப் பெரிய மீட்சி வேறென்ன இருக்கிறது?"

முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். மைக்காரர் மைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்து, நடுவழியாக நடந்து, மேடைமேல் ஏறி, அவர் கையைக் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்கம்மா? இன்னும் நினைவுப் பரிசு இருக்கு," என்றார் மீட்சி அலுவலர்.

"வாயைத் திறந்து பார்க்கிற டாக்டர்கிட்ட."

"அதெல்லாம் இங்க பழக்கமில்லைங்க."

"தெரியுது," என்றாள்.

பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கையில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து வேனை ஓட்டினாள். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒற்றை அறை, ஒற்றை நாற்காலி. கூட்டமில்லாததால் பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கையைக் கழுவினார், விளக்கை இழுத்தார்.

"திறங்க. எவ்வளவு முடியுதோ அவ்வளவு போதும்."

மைக்காரர் திறந்தார். டாக்டர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மனித முகம் தன் வாய்க்கு அத்தனை அருகில் வந்ததில் மைக்காரருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

அவர் தலையசைத்தார்.

"வலிக்காம என்ன. முழுக்கச் சீழ். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைச்சிருக்கும்."

"கழுத்துக்கா?" என்று கேட்டது மனைவி. மைக்காரருக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அன்றைக்கே டாக்டர் கீறிச் சீழை வடித்தார். காய்ச்சல் விட்ட பிறகு பல்லை எடுத்தார். நோகத்தான் செய்தது, டாக்டரும் நோகும் என்றுதான் சொன்னார். எடுத்த பல்லைத் தட்டில் வைத்துக் காட்டினார். மறுபடியும் ஐஸ், மறுபடியும் ஊறவைத்த ரொட்டி, உப்புத் தண்ணீர். இந்த முறை வீக்கம் வடிந்தபோது நாக்கு போய்ப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தது. வாய் இரண்டு விரல் அளவு திறந்தது, பிறகு மூன்று. பயணிகள் அவரவர் திசையில் போக ஆரம்பித்தார்கள்.

ஆனால் இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே, மைக்கை அணைத்த பிறகும், பூட்டுக்காரரின் அந்த மெட்டு கேட்டது. மைக்காரர் தன் மூக்கைப் பிடித்துப் பார்த்தார். அவர் முனகவில்லை. இரைச்சல் மிகுந்த பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், மெட்டு அது பாட்டுக்குக் கேட்டது. மனைவியிடம் சொன்னார்.

"அங்க யாரையோ விட்டுட்டு வந்துட்டீங்க," என்றாள் அவள். "போய்ப் பாருங்க."

மறுநாள் காலை போனார். முன்மேசைப் பெண் சுவரிலிருந்த அவர் படத்தைப் பார்த்து வணக்கம் சொல்லி, அவரை உள்ளே விட்டாள். மீண்டோர் கூடம் அப்படியே இருந்தது. பூட்டுக்காரரின் இடம் காலியாகவே இருந்தது. தையல்கார அம்மா அவரைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் கொடுத்தார்.

"வந்துட்டீங்களா தம்பி."

"உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தேன்மா. என்னோடதை எடுத்துட்டாங்க. நிஜமாவே எடுத்துட்டாங்க. வாங்க போகலாம்."

அம்மா தாடைத் துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உதடு பிரியாமல் சொன்னார். "பொண்ணு கல்யாணத்துல குணமாயிட்டேன்னுதான் சொன்னேன். பேரன் பொறந்தப்பவும் அதான் சொன்னேன். வீட்டுக்காரர் சாகக் கிடக்கும்போது கேட்டார், இன்னும் வலிக்குதான்னு. இல்லைன்னேன். இப்ப போய் இருக்குன்னு சொன்னா, அத்தனையும் பொய்னு ஆயிடாதா? ஒருவேளை நிஜமாவே இல்லையோ என்னமோ. யார் பார்த்தா?"

ஒரு கூட்டத்தையே ஒரு வாக்கியத்தில் வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு, அந்த ஒருவரைக் கிளப்ப ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. அவர் பெஞ்சிலிருந்து இறங்கி, அம்மாவுக்கு முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். கைப்பேசியின் விளக்கைப் போட்டார்.

"திறங்கம்மா. நான் பார்க்கிறேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. இருக்கா இல்லையான்னு பார்க்கத் தெரியும்."

அம்மா நீலத் துணியை அவிழ்த்தார். துணி இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. மெல்ல, கதவு ஒன்றைத் திறப்பது போல பயந்து பயந்து, வாயைத் திறந்தார். மைக்காரர் விளக்கைத் தூக்கி, குனிந்து, உள்ளே பார்த்தார். கடைசியில், கறுத்து, உடைந்து, வீங்கிய ஈறுக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தது.

"இருக்கு," என்றார்.

அம்மாவின் கண்கள் மட்டும் கேட்டன.

"இருக்குங்கம்மா. நல்லாத் தெரியுது. வலிக்கத்தான் செய்யும்."

சத்தம் கேட்டு மீட்சி அலுவலர் வாசலில் வந்து நின்றார். நிலைமையைப் பார்த்து அவர் முகம் வெளிறியது. குரல் மட்டும் கனிவாகவே இருந்தது. "வாயை மூடுங்கம்மா," என்றார். "தயவுசெஞ்சு மூடுங்க. மத்தவங்க பார்க்கிறாங்க."

அம்மா மூடவில்லை.

பக்கத்துப் பெஞ்சில் ஏதோ அசைந்தது. மைக்காரர் திரும்பினார். தலையைச் சாய்த்தே உட்கார்ந்திருக்கும் மனிதர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் பக்கம் முகத்தை நீட்டி, முடிந்த அளவுக்கு வாயைத் திறந்து காத்திருந்தார். அவருக்கு அடுத்தவரும். அதற்கு அடுத்தவரும். பால் கண்ணாடி வெளிச்சத்தில், கூடத்தின் கடைசிவரை, ஒரு சத்தமும் இல்லாமல் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

மைக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.